மாலுக்குப் போனா எங்க உக்காருறது?

வணக்கம் நேயர்களே, வலைய உதறிக்கிட்டே கேக்குற அண்ணன்மாரு, அடுப்படியில ரேடியோவ வச்சுக்கிட்டு கேக்குற அக்கா தங்கச்சிமாரு எல்லாருக்கும் வணக்கம். பெரிய மாலுக்குப் போறதுல என்ன நல்லது என்ன கெட்டதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டாக. நான் ஒன்னும் படிச்சு பட்டம் வாங்குனவ இல்ல, எங்க மகளிர் குழுவுல மீன்பிடி தடைக்காலம் வந்தா வேன் பிடிச்சு பொம்பளைகள மதுரைக்கு கூட்டிட்டுப் போற வேலை ரொம்ப வருஷமா என் தலையிலதான் விழுது, அதுல பாத்தத சொல்றேன்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில நேரம் இருக்கும், காசு இருக்காது. காசில்லாத நேரத்துல மாலுக்கு எதுக்கும்மா போறீகன்னு வீட்டு ஆம்பளைக கேப்பாக. நான் திருப்பிக் கேப்பேன், நூறு கிலோமீட்டருக்கு மேல வேன்ல போயி இறங்குற பொம்பளைக சித்திரை வெயில்ல வேற எங்க போய் உக்காருறது? நம்ம ஊருல டீக்கடை பெஞ்சு ஆம்பளைகளுக்கு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா எந்த பஸ்சுக்கும்மான்னு ஒருத்தர் வந்துருவாரு. கோயில், சர்ச், ஏர்வாடி தர்கா, அங்க உக்காரலாம், சரி. அது தவிர? மால்ல சும்மா சுத்துனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக. ஏசி இருக்கு, முக்கியமா சுத்தமான பாத்ரூம் இருக்கு. பாத்ரூம்னு ரேடியோவுல சொல்லலாமா தெரியல, சொல்லிட்டேன். வெளியூர் போனா தண்ணியே குடிக்காம வாய கட்டிக்கிட்டு வர்ற பொம்பளைகளுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

இந்த மாலு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன். விக்டர் க்ரூன்னு ஒரு கட்டடக்காரர், வியன்னாவுல பொறந்தவரு, அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் 1956ல சவுத்டேல்னு ஒன்ன கட்டுனாரு. முழுசா மூடி உள்ளயே சூடு குளிரு எல்லாத்தையும் சரி பண்ணி வச்ச மாலுன்னா அதுதான் மொதல்லன்னு சொல்றாக. அங்க பனிக்கு பயந்து உள்ள போனாக, நாம வெயிலுக்கு பயந்து போறோம், அம்புட்டுத்தான் வித்தியாசம். அவரு ஆசைப்பட்டது என்னன்னா அவுக ஊரு சதுக்கம் மாதிரி சனம் வந்து நடக்கணும், உக்காரணும், பேசணும். ஆனா எல்லாரும் கடைய மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத விட்டுட்டாக, கடைசி காலத்துல அவரே இதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லன்னு கைய உதறிட்டாரு.

ஏன் சொல்றேன்னா, பெரிய கடைய ரெண்டு முனையில வச்சிருவாக, நடுவுல சின்னக் கடைகளா இருக்கும், இங்க இருந்து அங்க போறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்தாகணும். பெஞ்சு மட்டும் தேடித்தான் பிடிக்கணும். மேல சாப்பிடுற இடத்துல நாற்காலி நெறைய இருக்கும், அங்க உக்காந்தா எதாச்சும் வாங்கணும்.

ஒரு தடவ என்னாச்சு, எங்க கூட வந்த மதினிக்கு முழங்கால் வலி. தூணுக்கு அடியில திண்டு மாதிரி இருந்துச்சு, அதுல உக்காந்தாக. செக்யூரிட்டி தம்பி வந்து இங்க உக்காரக் கூடாதும்மான்னாரு. எந்த மாலுன்னு சொல்லல, விடுங்க. அப்ப பக்கத்து துணிக்கடையில நின்ன புள்ள, இருபது வயசு இருக்கும், நீங்க ராம்நாடு பக்கமான்னு கேட்டுச்சு, நாங்க பேசுனதுலயே கண்டுபிடிச்சிருச்சு. அதுக்கு முதுகுளத்தூர் பக்கம். லிப்டுக்குப் பின்னாடி பெஞ்சு இருக்கு அயித்த, அங்க போய் உக்காருங்கன்னு சொல்லுச்சு. மதினி சும்மா இருக்காம, நீ எங்கத்தா உக்காருவன்னு கேட்டாக. அது சிரிச்சுச்சு. சாப்பாட்டு நேரத்துல அயித்தன்னுச்சு. கீழ பாத்தேன், செருப்ப கழட்டி கவுண்டருக்கு அடியில தள்ளிட்டு ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிக்குது, கரண்டை வீங்கி கொலுசு சதைக்குள்ள அமுங்கிக் கெடக்கு. மதினி பையில இருந்து ஒரு சில்லு கருப்பட்டிய எடுத்து நீட்டுனாக. அது வாங்கல, கேமரா இருக்கு அயித்த அப்படின்னுச்சு. பெறகு துணி மடிக்கிற சாக்குல வாங்கி உள்ளங்கையில வச்சுக்கிருச்சு.

இத நான் ஏன் இம்புட்டு நேரம் சொல்றேன்னா, 2021ல நம்ம தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி, வேலை செய்றவுக உக்காருறதுக்கு வசதி செஞ்சு குடுக்கணும்னு போட்டாச்சு. கேரளாவுல 2018லயே வந்துருச்சு. சட்டம் இருக்கு. நம்ம வீட்டுப் புள்ளைகதான் அங்க போய் நிக்குது, அதனால அடுத்த தடவ போனா கவுண்டருக்குப் பின்னாடி ஸ்டூல் கெடக்கான்னு எட்டிப் பாருங்க, கெடக்கலன்னா மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. புள்ளை பேர சொல்லிறாதீக, அதுக்குத்தான் வேலை போகும்.

கீழக்கரைக்காரவுக சிரிப்பீக, நாங்க துபாய் மாலே பாத்துட்டோம்னு. அங்க கண்ணாடித் தொட்டியில சுறா திருக்கை எல்லாம் விட்டுருக்காகளாம், வெளிய நின்னு பாத்தா காசு இல்ல, சுரங்கம் மாதிரி உள்ள நடந்து போனா டிக்கெட்டாம். கடக்கரையில பொறந்தவன் அங்க போய் டிக்கெட் எடுத்து திருக்கை பாக்குறான்!

சரி, கெட்டதுக்கு வர்றேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரேடியோ தம்பி மணிய காட்டுறாரு. காசு விசயம் வேகமா சொல்லிறேன். ஒரே தண்ணி பாட்டிலுக்கு வெளிய ஒரு எம்ஆர்பி மாலுக்குள்ள ஒரு எம்ஆர்பின்னு அச்சடிக்கக் கூடாது, 2018 ஜனவரியில இருந்து தடை. சினிமா தியேட்டர்ல வெளிச் சாப்பாடு கூடாதுன்னு அவுக சொல்லலாம், ஆனா குடிக்கிற தண்ணி இலவசமா குடுக்கணும், 2023ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது, கூச்சப்படாம கேளுங்க. கடைப் பேரு போட்ட பைக்கு காசு கேக்குறாக பாத்தீகளா, அது தப்புன்னு நெறைய நுகர்வோர் கோர்ட்டுல தீர்ப்பு வந்திருக்கு, நமக்கு எதுக்கு வம்பு, துணிப்பை கொண்டு போயிருங்க.

இன்னொன்னு, பெருசா பேசணும்னு எழுதிட்டு வந்தேன், நேரம் இல்ல. தடைக்காலத்துல அரிசி பருப்ப நோட்டுல எழுதி கடன் குடுக்குறது நம்ம தெருக் கடைக்காரர்தான், மால்ல கார்டு இல்லாம ஒரு தீப்பெட்டி எடுத்துட்டு பெறகு தர்றேன்னு சொல்ல முடியுமா? அதனால பாக்குறது அங்க, மளிகை வாங்குறது இங்கன்னு எங்க குழுவுல பேசி வச்சிருக்கோம். தம்பி எந்திரிச்சே நிக்கிறாரு. இந்த வருஷம் வேன்ல வர்றவுக குழு கூட்டத்துல பேரு குடுங்க, முழங்கால் வலி இருந்தா முன்னாடியே சொல்லுங்க, லிப்டு பக்கமா இறக்கி விடச் சொல்றேன். வர்றேங்க, வணக்கம்.