சின்னக் காரின் பழைய பெயின்ற்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய கார்களில் உள்ள பாசத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயிலேயே ஓடித் திரிந்தன. அதே கார்களின் உள்ளங்கைக்குள் அடங்கும் உருவங்கள் ஐம்பதுகளிலேயே இங்கிலாந்தில் வெளிவந்தன. டிங்கி ரோய்ஸ் என்ற பொம்மைக் கொம்பனி ஒஸ்ரின் சமர்செற்றை வார்த்தது. மச்பொக்ஸ் என்ற இன்னொரு கொம்பனி தன் வரிசையில் 46ஆம் இலக்கமாக மொறிஸ் மைனரை விட்டது. இப்படியான சின்னக் கார்களுக்கும், இலண்டனிலும் கனடாவிலும் இருந்து வருபவர்கள் கொண்டுவரும் பிளாஸ்ரிக் விமானங்களுக்கும், படைவீரர் பொம்மைகளுக்கும் மறுபடி வர்ணம் பூசுகிறவன் நான். இன்றைக்கு என்னிடம் கேட்டிருப்பது பூசுவதைப் பற்றியல்ல, அதற்கு முன்னால் பழைய பெயின்றை எப்படி எடுப்பது என்று. சரியான கேள்விதான். பொருள் பழுதாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கொம்பனி பூசிய பெயின்ற் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் நான் தொடவே மாட்டேன். பழையது சேர்ப்பவர்கள் அந்த முதற்பூச்சுக்குத்தான் விலை கொடுப்பார்கள், புதுப்பூச்சுக்கு அல்ல. ஆனால் யாரோ வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய எனாமலை அதன் மேல் தடிப்பாகப் பூசியிருந்தால் வேறு வழியில்லை. கதவுக் கோடும் முன் கிறிலின் கம்பிகளும் ஒரு மில்லிமீற்றர் ஆழம்கூட இல்லாதவை. இரண்டு பூச்சு விழுந்தால் நிரம்பிவிடும். அதன் மேல் எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் கார் வழுவழுப்பான கட்டியாகத்தான் தெரியும்.

எடுப்பதென்று முடிவு செய்தால், எந்த மருந்து வலுவானது என்று கேட்டுக்கொண்டு ஹாட்வெயார் கடைக்கு ஓட வேண்டாம். உள்ளே இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். கையில் கனமாக, குளிர்ச்சியாக இருந்தால் அநேகமாகத் துத்தநாகக் கலப்புலோகம். டிங்கி, மச்பொக்ஸ் எல்லாம் அதுதான். இலேசாக இருந்தால் பிளாஸ்ரிக். துண்டுகளை ஒட்டிச் செய்யும் விமானக் கிற்றுகள் அநேகமாகப் பொலிஸ்ரைறீன் என்ற வகை. இந்த வித்தியாசம் தெரியாமல் தின்னரையோ கியூடெக்ஸ் அழிக்கிற அசற்றோனையோ பிளாஸ்ரிக் விமானத்தின் மேல் விட்டால், பெயின்றோடு சிறகும் கரைந்து வரும். எதுவானாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு துளி விட்டு, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உலோகக் கார் என்றால் வேலை சுலபம். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் றிவெற் ஆணியின் தலையை மட்டும் சின்ன ட்றில் பிற்றால் குடைந்து எடுத்தால் கார் இரண்டாகப் பிரியும். கண்ணாடி, இருக்கை, ரயர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் உலோகத்தை மட்டும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அசற்றோனுக்குள் போடலாம். நெருப்புப் பக்கத்தில் வேண்டாம். குசினி வேண்டவே வேண்டாம். கடைகளில் விற்ற பெயின்ற் றிமூவர்களில் மெதிலீன் குளோறைட் என்ற இரசாயனம் உள்ளவை வேகமாக வேலை செய்யும். பெயின்ற் சுருங்கிக் கொப்பளித்து மேலே வரும். ஆனால் பூட்டிய அறைக்குள் அதன் ஆவி ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண ஆட்களுக்கு அதை விற்கத் தடை. அவசரமில்லாத பொழுதுபோக்குக்கு அது எதற்கு? கோஸ்ரிக் சோடாவும் அப்படித்தான். பெயின்றை எடுக்கும், பிறகு துத்தநாகத்தையே அரித்துக் கறுக்கப் பண்ணும்.

பிளாஸ்ரிக்குக்கு நான் முதலில் எடுப்பது ஐசோபுறொப்பைல் அல்ககோல். கொரோனாக் காலத்துக்குப் பிறகு இது கடைகளில் சாதாரணமாகிவிட்டது. கைக்குப் பூசும் ஜெல்லை வாங்காதீர்கள், அதில் கிளிசரினும் வேறு சாமான்களும் கலந்திருக்கும். தெளிந்த திரவமாக, எழுபது வீதமோ அதற்கு மேலோ உள்ளது வேண்டும். பஞ்சில் தொட்டுத் தேய்க்கும்போது நிறம் பஞ்சில் ஒட்டினால் அநேகமாக அது அக்றிலிக் வகைப் பெயின்ற், சில மணி நேர ஊறலில் இளகிவிடும். ஒட்டாவிட்டால் எனாமலாக இருக்கலாம், அதற்குப் பொறுமை வேண்டும். விமானத்தின் கண்ணாடிக் கூண்டை மட்டும் இதற்குள் போடாதீர்கள், மயிரிழை வெடிப்பு விழ இடமுண்டு.

மற்றது டெற்றோல். நம்பமாட்டீர்கள், மண்ணிறத்தில் பைன் எண்ணெய் மணக்கும் அந்தப் பழைய டெற்றோலேதான். தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவிட்டால் பெயின்ற் தளர்ந்துவிடும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊறியதை எடுத்து நேரே பைப்பின் கீழ் பிடித்தால் டெற்றோல் பால் போல் வெளுக்கும், கழன்ற பெயின்ற் முழுவதும் பிசினாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பலாப்பழம் வெட்டியவனின் கை மாதிரி ஆகிவிடும், சவர்க்காரத்துக்கும் அசையாது. ஆகவே தண்ணீர் படமுதல், டெற்றோலில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிறஷ்ஷால் பெயின்ற் முழுவதையும் தேய்த்து எடுங்கள். பிறகு இன்னொரு கிண்ணத்தில் புது டெற்றோல் விட்டு ஒருமுறை அலசுங்கள். அதற்குப் பிறகுதான் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். கையுறை போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கிண்ணத்தை மூடி வையுங்கள், டெற்றோல் பூனைக்கு நஞ்சு.

கடைசிக் கழுவலில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளை கதவுக் கோட்டுக்குள்ளும் காய்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பிறைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் சொரசொரப்பாகக் காட்டும். பற்றரிக்கு விடும் காய்ச்சிவடித்த தண்ணீரில் ஒரு போத்தல் வாங்கிக் கடைசியாக அதில் முக்கி எடுங்கள். பெரிய செலவில்லை.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். பெயின்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று இலங்கையில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சையும், ஐம்பதுகளின் பொம்மைப் பூச்சையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படைவீரர் பொம்மைகளில் சிலதுக்கு உடம்பே ஈயக் கலவை. உலர்ந்த மண்தாளால் உரஞ்ச வேண்டாம், தூசு மூக்குக்குள் போகும். ஈரமாகவே வைத்து வேலை செய்து, முடிந்ததும் கையைக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எஞ்சிய திரவத்தைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லாருக்கும் தெரியும், இந்த மண்ணுக்குள் ஊற்றியது குடிதண்ணீருக்குப் போய்ச் சேர அதிக தூரமில்லை. போத்தலை அசையாமல் வைத்தால் பெயின்ற் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த காருக்குப் பாவிக்கலாம். அடிவண்டலை மரத்தூளில் ஊறவைத்து, வெளியில் நன்றாகக் காயவிட்டு, கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள்.

பெயின்ற் போன உடம்பை இரண்டு நாளாவது காயவிடுங்கள். பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பிறைமர் பிடிக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் ஸ்பிறே பிறைமர் அடித்தால் ஈரக்காற்றில் மங்கிப் பூத்துப்போகும். உரிக்கிற வேலையை அந்த மாதங்களில் முடித்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, பூசுவதைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.