பிசி கேபினெட் வாங்கப் போறீங்களா? முன்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க

[திரையில்: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். உள்ளே மூணு கலர் ஃபேன் சுத்துது.]

கடையில இந்தக் கேபினெட்டைப் பார்த்தா யாருக்கும் பிடிக்கும். முன்னாடி மூணு ஃபேன், அதுக்கு மேல பளபளன்னு ஒரு கண்ணாடி. சரி, அந்த மூணு ஃபேனுக்கும் காத்து எந்த வழியா வருது?

கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஒரு 120 மி.மீ. ஃபேன் சுத்துற வட்டத்தோட பரப்பு ஏறக்குறைய 113 சதுர செ.மீ. நடுவுல இருக்கிற மோட்டாரைக் கழிச்சா 100. மூணு ஃபேனுக்கு 300. இப்போ கண்ணாடிக்கும் பிரேமுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் 1 செ.மீ. சந்து, உயரம் 40 செ.மீ.ன்னு வெச்சுக்குங்க. மொத்த வழி 80 சதுர செ.மீ. ஃபேனுக்கு வேண்டியதுல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அந்தச் சந்துக்குள்ள ஒரு ஃபில்டரும் இருந்தா அதுவும் குறையும். ஃபேன் முழு வேகத்துல கத்தும், உள்ளே காத்து வராது.

அதனால முன்பக்கம் மெஷ்ஷா, அதாவது காத்து போற வலை மாதிரி, இருக்கணும். இந்த வீடியோவுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க. கண்ணாடி பக்கவாட்டுல இருக்கட்டும், அதால பாதகம் இல்லை.

[திரையில்: மெஷ் பேனலைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கிறோம்.]

மெஷ்ஷுலயும் வித்தியாசம் உண்டு. பேனலைக் கழட்டி டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. அந்தப் பக்கம் வெளிச்சம் தாராளமா தெரியணும். சில கேபினெட்ல வெளியில நல்ல மெஷ் இருக்கும், அதுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் சட்டம், அதுக்கும் பின்னாடி ஒரு நைலான் ஃபில்டர். மூணு அடுக்கையும் தாண்டி வர்றதுக்குள்ள காத்தோட வேகம் செத்துடும். பொடிக்கண் மெஷ்ஷா இருந்தா அதுவே தூசியைப் பிடிக்கும், பின்னாடி இன்னொரு ஃபில்டர் தேவையே இல்லை.

எவ்வளவு காத்து வேணும்? ரைசன் 5 7600 பிராசசர் முழு லோடுல 88 வாட் வரைக்கும் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு 160 வாட். ரெண்டும் சேர்ந்து 250 வாட் பக்கம். அத்தனையும் கடைசியில சூடாத்தான் மாறுது. உள்ளே போற காத்து 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே போகணும்னா நிமிஷத்துக்கு 44 கன அடி காத்து வேணும். 5 டிகிரிதான் ஏறணும்னா அதோட ரெண்டு மடங்கு, 88. ஃபேன் பெட்டியில போட்டிருக்கிற 50, 60 கன அடியெல்லாம் முன்னாடி எந்தத் தடையும் இல்லாம அளந்தது. மெஷ், ஃபில்டர், கிரில் எல்லாம் வந்துட்டா அந்த அளவு கிடைக்காது.

இங்கே இன்னொண்ணையும் சேர்த்துப் பார்க்கணும். வெளிநாட்டு ரிவ்யூல பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில டெஸ்ட் பண்ணுவாங்க. மே மாசம் மத்தியானம் ஏசி இல்லாத நம்ம அறை 36 டிகிரி இருக்கும். அவங்க காட்டுற ஒவ்வொரு வெப்பநிலையோடயும் 14, 15 டிகிரி கூட்டிக்கணும். அங்கே 70-ல ஓடுற கார்டு இங்கே 85-ஐத் தொடும். "ரிவ்யூல ஓகேன்னாங்களே"ன்னு கண்ணாடி முகப்பை வாங்கினா சித்திரை வெயில்ல தெரியும்.

ஃபேன் எத்தனைங்கிறதுக்கு நேரடியா ஒரு பதில் சொல்லிடறோம்: முன்னாடி ரெண்டு உள்ளிழுக்க, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ள. சாதாரண வீட்டு பிசிக்கு இது போதும். எண்ணிக்கையைவிட அளவு முக்கியம். லியான் லி லான்கூல் 216-ல முன்னாடி ரெண்டே ஃபேன்தான், ஆனா ஒவ்வொண்ணும் 160 மி.மீ. மெதுவா சுத்தியே நிறைய காத்து தள்ளும், சத்தமும் குறைவு.

விலை குறைஞ்ச கேபினெட்ல கூடவே வர்ற ஃபேனோட வயர் நுனியைப் பாருங்க. பெரிய மோலெக்ஸ் கனெக்டர் மட்டும் இருந்தா அது நேரா எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியில, சொருகுறது. எப்பவும் ஒரே வேகம், குறைக்க முடியாது. மதர்போர்டுல சொருகுற சின்ன 3 பின்னோ 4 பின்னோ இருந்தாத்தான் மதர்போர்டு கட்டுப்படுத்தும். மாட்டியிருக்கிற திசையையும் நம்பாதீங்க. ஃபேனைப் பிடிச்சிருக்கிற நாலு கால் எந்தப் பக்கம் தெரியுதோ, அந்தப் பக்கம்தான் காத்து வெளியேறும். பிசியை ஓட விட்டு ஒரு ஊதுபத்தியை மெஷ் பக்கத்துல காட்டுங்க, புகை உள்ளே போனா சரி.

தூசிக்கு வருவோம். உள்ளே வர்ற காத்து வெளியே போறதைவிடக் கொஞ்சம் அதிகமா இருந்தா, ஃபில்டர் இல்லாத ஓட்டை வழியா காத்து வெளியே மட்டும்தான் போகும். தூசி அந்த வழியா நுழையாது. கீழே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இருக்கிற ஃபில்டரை எந்தப் பக்கம் இழுக்கணும்னு பாருங்க. பின்பக்கமா இழுக்கிறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் வயரெல்லாம் கழட்டி கேபினெட்டையே நகர்த்தணும். அப்படி இருந்தா யாரும் சுத்தம் பண்ணவே மாட்டாங்க. முன்பக்கமோ பக்கவாட்டுலயோ வர்றதா வாங்குங்க.

[திரையில்: டேப்பால கேபினெட் உள்பக்கத்தை அளக்கிறோம்.]

அடுத்தது அளவு. ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305க்கு 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினெட்ல சின்ன போர்டு உட்காரும், அதுல குழப்பமில்லை. இ-ஏடிஎக்ஸ்னு போட்டிருந்தா மட்டும் பெயரை விட்டுட்டு மி.மீ. பாருங்க. அந்தப் பேர்ல விக்கிற போர்டுகள் ஒரே அகலத்துல வர்றதில்லை. கொஞ்சம் அகலமானாலே கேபிள் வர்ற ஓட்டைகளை மூடிடும்.

தகராறு வர்றது கார்டு நீளத்துலதான். ரெண்டு ஃபேன் கார்டு பெரும்பாலும் 250 மி.மீ.க்குள்ள அடங்கிடும். மூணு ஃபேன் கார்டு 300-ல இருந்து 340 வரைக்கும் போகும். கேபினெட் விவரத்துல "360 மி.மீ. வரை"ன்னு போட்டிருக்கும். முன்னாடி வாட்டர் கூலரோட ரேடியேட்டரை மாட்டினா அதுக்கு 27, அதோட ஃபேனுக்கு 25, ஆக 52 மி.மீ. போயிடும். மிச்சம் 308. 320 மி.மீ. கார்டு அதுல போகாது. ரெண்டு பொருளும் தனித்தனியா பொருந்தும், சேர்ந்து பொருந்தாது. வாங்கினவங்க அதிகமா மாட்டிக்கிறது இந்த இடத்துலதான்.

மேல்பக்கம் ரேடியேட்டர்னா அதே 52 மி.மீ. கூரையில இருந்து கீழே இறங்கும். மதர்போர்டோட மேல் விளிம்புல சூடு தணிக்கிற ஹீட்சிங்க், பக்கத்துலயே உயரமான ராம். கூரைக்கும் போர்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு, ரேடியேட்டர் துளைகள் கண்ணாடிப் பக்கம் தள்ளி இருக்கான்னு பார்க்காம 360 ரேடியேட்டர் வாங்காதீங்க. 360ங்கிறது மூணு ஃபேனோட நீளம் மட்டும்தான். ரெண்டு முனையிலயும் இருக்கிற தொட்டியைச் சேர்த்தா 395 மி.மீ. பக்கம் வரும்.

காத்து கூலர்னா உயரம் பாருங்க. டீப்கூல் ஏகே400 155 மி.மீ., நாக்டுவா என்எச்-டி15 165 மி.மீ. கேபினெட்ல 160ன்னு போட்டிருந்தா ரெண்டாவது போகாது. எஸ்எம்பிஎஸ் ஆழம் 140 மி.மீ.தான் வழக்கம், ஆனா 160 உள்ளதும் நிறைய. கழட்டி மாட்டுற கேபிள்னா பின்னாடி வளையறதுக்கு இன்னும் 50, 60 மி.மீ. வேணும். அந்த இடத்துல ஹார்டு டிஸ்க் கூண்டு நிக்கும். கூண்டைக் கழட்டவோ நகர்த்தவோ முடியுதான்னு கேளுங்க.

புது 16 பின் பவர் கேபிள் உள்ள கார்டு வெச்சிருக்கிறவங்க அகலத்தையும் அளக்கணும். அந்தக் கேபிள் கனெக்டரை விட்டு 35 மி.மீ. நேரா வந்த பிறகுதான் வளையணும்ங்கிறது பொதுவான அறிவுரை. பக்கக் கண்ணாடி அதை அழுத்தி வளைச்சா கனெக்டர் சரியா உட்காராது. சரியா உட்காராத அந்தக் கனெக்டர்தான் உருகும்.

இப்போ தகரத்தோட தடிமன். இதை விவரப் பட்டியல்ல பல கம்பெனிங்க போடுறதே இல்லை. 0.5 மி.மீ. தகடுன்னா பக்கத்து மூடியை நடுவுல விரலால அழுத்தினாலே உள்வாங்கும். 0.7, 0.8 இருந்தா திடமா நிக்கும். கடையில வாங்கினா ரெண்டு மூடியையும் கழட்டச் சொல்லி, எதிரெதிர் மூலையைப் பிடிச்சு லேசா முறுக்கிப் பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல டிஸ்ப்ளேக்கு ஒண்ணு திறந்தே வெச்சிருப்பாங்க, கேட்டா காட்டுவாங்க.

[திரையில்: பின்பக்க ஸ்லாட், கார்டோட இரும்புத் தகடு. மிக நெருக்கமா.]

முறுக்குற கேபினெட்ல என்ன ஆகும்? இந்தக் காட்சியைக் கவனிங்க. கார்டோட பின்தகடு கேபினெட் விளிம்புல சரியா உட்காரலை, ஒரு மி.மீ. தூக்கி நிக்குது. இப்போ ஸ்க்ரூவை இறுக்குறோம். தகடு கீழே போகுது, கார்டோட மறுமுனை ஸ்லாட்டை விட்டு மேலே எழும்புது. தங்க நிறப் பின்கள் ஒரு கோடா வெளியே தெரியுது பாருங்க. பிசி ஆன் ஆகும், திரையில ஒண்ணும் வராது. கார்டு போச்சுன்னு நினைச்சு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. தப்பு கேபினெட் மேல.

அதே பின்பக்கத்துல ஸ்லாட் மூடிகளையும் பாருங்க. ஸ்க்ரூ போட்ட மூடியா, இல்லை உடைச்சு எடுக்கிறதா? உடைச்சா திரும்ப மாட்ட முடியாது. கார்டை இடம் மாத்தினா ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். நம்ம வீடுகள்ல அது வழியா பல்லி, கரப்பான் உள்ளே போகும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்துலயோ போர்டு மேலயோ போய் ஷார்ட் ஆகும்.

போர்டு மாட்டும்போது கீழே அதைத் தாங்குற பித்தளைக் கால்களை, அதாவது ஸ்டாண்ட்-ஆஃபை, எண்ணுங்க. ஏடிஎக்ஸ்னா பொதுவா ஒன்பது. போர்டுல துளை இல்லாத இடத்துல ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் இருந்தா அது போர்டோட பின்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் பண்ணும். ஸ்க்ரூவுல ரெண்டு மரை உண்டு: 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கு எம்3, ஹார்டு டிஸ்க்குக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதைவிடக் கொஞ்சம் தடிமனான 6-32. ரெண்டு சுத்து கையாலயே போகணும். போகலைன்னா அது வேற ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவரால அழுத்தினா மரை அழிஞ்சுடும்.

போர்டு தட்டுக்குப் பின்னாடி கேபிள் போக குறைஞ்சது 20 மி.மீ. இடம் வேணும். இடது மேல் மூலையில பிராசசர் பவர் கேபிளுக்கு ஒரு ஓட்டை கட்டாயம். முன்பக்க டைப்-சி போர்ட் இருந்தா மதர்போர்டுலயும் அதுக்கான தனி கனெக்டர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அந்தப் போர்ட் வெறும் அலங்காரம். கலர் விளக்குல ஒரே எச்சரிக்கை: 3 பின் 5 வோல்ட், 4 பின் 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-ல கொடுத்தா எரிஞ்சுடும்.

கார்டை நிமிர்த்தி வெக்கிற கேபினெட் அழகா இருக்கும். ஆனா ஃபேன் கண்ணாடிக்கு ஒட்டி வந்துடும், இடைவெளி இல்லைன்னா கார்டு திணறும். கார்டையும் மதர்போர்டு ஸ்லாட்டையும் இணைக்கிற நீட்டிப்பு கேபிள் பழைய தலைமுறையா இருந்தா திரை கறுப்பாகும். மதர்போர்டோட செட்டிங்ஸான பயாஸ்ல அந்த ஸ்லாட்டை ஜென் 3 (மூணாம் தலைமுறை)ன்னு மாத்தினா சரியாகும். இதை இலேசா எடுத்துக்காதீங்க. என்இசட்எக்ஸ்டி கம்பெனியோட எச்1 கேபினெட்ல அந்த நீட்டிப்புப் பலகையைப் பிடிச்சிருந்த ஸ்க்ரூ ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிற அபாயம் இருந்ததால, 2021 பிப்ரவரியில அமெரிக்காவுல அதைத் திரும்பப் பெற்றாங்க. உலோகக் கேபினெட்ல ஒரு ஸ்க்ரூ எங்கே இருக்குங்கிறது அவ்வளவு முக்கியம்.

கேபினெட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டாதீங்க. எஸ்எம்பிஎஸ் தனியா, நல்லதா வாங்குங்க. அப்புறம், கேபினெட்டைத் தொட்டா விரல்ல சுருக்குன்னு லேசா ஷாக் அடிக்குதா? அது கேபினெட் குறை இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் இரும்பு உடம்போட இணைஞ்சிருக்கும். சுவர் பிளக்ல எர்த் இல்லைன்னா அந்தக் கரண்ட் கசிவு போக வழி இல்லாம கேபினெட் உடம்புல நிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி பண்ணுங்க. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்குற அடாப்டரைப் பயன்படுத்தவே கூடாது.

[திரையில்: பெட்டியைத் திறந்து, பக்கக் கண்ணாடியைப் போர்வை மேல படுக்க வெக்கிறோம்.]

ஆன்லைன்ல வாங்கினா பெட்டியைப் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. கண்ணாடியைக் கழட்டினதும் தரை டைல்ஸ் மேல நிறுத்தி வெக்காதீங்க. டெம்பர்டு கிளாஸ் நடுவுல அடி தாங்கும், ஆனா விளிம்பு டைல்ஸ்ல பட்டா நொடியில பொடிப்பொடியாகும். ஒரு போர்வையை விரிச்சு அதுல படுக்க வைங்க. பொருளை உள்ளே வெக்கிறதுக்கு முன்னாடியே காலியான கேபினெட்டை மேஜையில நிறுத்தி நாலு காலும் படியுதா, மூடி ரெண்டும் தட்டாம மூடுதா, எல்லா ஸ்டாண்ட்-ஆஃபும் இறுக்கமா இருக்கா, ஸ்க்ரூ பை இருக்கான்னு பார்த்துடுங்க. முழுசா அசெம்பிள் பண்ணி ஒரு கேமை அரை மணி நேரம் ஓட விட்டு வெப்பநிலையைக் குறிச்சுக்குங்க. முன் பேனலைக் கழட்டிட்டு அதே கேமை இன்னொரு அரை மணி நேரம். வித்தியாசம் ரெண்டு மூணு டிகிரின்னா நல்ல கேபினெட். எட்டு, பத்து குறைஞ்சா முன்பக்கம் அடைக்குதுன்னு அர்த்தம். திருப்பி அனுப்புற தேதி முடியறதுக்குள்ள இந்தச் சோதனையைப் பண்ணிடுங்க, அதுவரைக்கும் பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீங்க.