நண்டு தீர்வதற்குள் போய்ச் சேருங்கள்

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்துக்கு வருகிறோம், கடலோரமாக எங்கே போய் நன்றாகச் சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் நான் ஒரே இடத்தைத்தான் சொல்வேன். டண்டீயில் குடியிருக்கிறேன், அதனால் வந்த பக்கத்து ஊர்ப் பாசம் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. எடின்பரோவிலிருந்து ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே வந்தால் ஃபைஃப் என்ற மாவட்டம் வரும், வரைபடத்தில் கடலுக்குள் மூஞ்சியை நீட்டிய நாய் மாதிரி இருக்கும், அந்த மூக்குப் பகுதிக்குப் பெயர் ஈஸ்ட் நியூக். நியூக் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் மூலை. ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெயில் என்று ஐந்து துறைமுக ஊர்கள், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவே மொத்தமே 16 கிலோமீட்டர்தான் இருக்கும்.

சாப்பாட்டைச் சொல்வதற்கு முன்னால் நான் பட்டினி கிடந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில், ஒரு நவம்பர் மாதம், நண்பர்கள் நான்கு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு இந்த ஊர்களில் ஒன்றுக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது மணி. நம் ஊரில் ஒன்பது மணி என்றால் பரோட்டாக் கல் சூடாகிற நேரம். இங்கே தெருவில் ஒரு பூனை கூட இல்லை. ஒரு பப்பில் மட்டும் விளக்கு எரிந்தது, உள்ளே போய்க் கேட்டால் அடுப்பு அணைத்து அரைமணி நேரம் ஆகிறதாம். ஆளுக்கு இரண்டு பாக்கெட் சிப்ஸும் வறுத்த கடலையும் தின்றுவிட்டு வீடு திரும்பினோம். அதிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் மாலை ஆறு மணிக்கெல்லாம் உட்கார வைத்துவிடுவேன். எட்டரைக்கு மேல் சமையற்கட்டு மூடிவிடும். திங்கள், செவ்வாயில் பாதிக் கடைகள் திறப்பதில்லை, குளிர்காலத்தில் சில கடைகள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். ஆகவே கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். ஆன்ஸ்ட்ரதர் என்று எழுதினாலும் உள்ளூர்க்காரர்கள் வாயில் அது எய்ன்ஸ்டர். அங்கே துறைமுகத்தைப் பார்த்த மாதிரி ஷோர் ஸ்ட்ரீட்டில் ஆன்ஸ்ட்ரதர் ஃபிஷ் பார் இருக்கிறது. 2008-09-இல் பிரிட்டனின் சிறந்த மீன்-சிப்ஸ் கடை என்று விருது வாங்கிய கடை, அதனால் வெயில் அடிக்கிற சனிக்கிழமை என்றால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். வரிசை பிடிக்காதவர்கள் அதே தெருவில் இருக்கிற வீ சிப்பி என்ற மீன்-சிப்ஸ் கடைக்குப் போகலாம். அது மட்டம், இதுதான் உசத்தி என்று சண்டை போடுகிற ஆட்கள் உண்டு, நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகமாட்டேன்.

கேட்கும்போது ஃபிஷ் சப்பர் என்று கேளுங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் அதற்குப் பெயர் சப்பர்தான், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தது. மீன் மட்டும் போதும் என்றால் சிங்கிள் ஃபிஷ். இங்கிலாந்தில் காட் மீன், ஸ்காட்லாந்தில் ஹேடாக். தோலோடு முழு ஹேடாக்கைப் பார்த்தால் செவுளுக்குப் பின்னால் கட்டைவிரல் ரேகை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அது புனித பேதுருவின் விரல் பட்ட அடையாளம் என்று மீனவர்கள் கதை சொல்வார்கள். காட் மீனை விட இது கொஞ்சம் இனிப்பு, சதை மெல்லியது. பஜ்ஜி மாவு மாதிரி ஒரு கரைசலில் தோய்த்துப் போடுவதால் மேல் மாவு மொறுமொறுவென்று உடையும், உள்ளே மீன் தன் ஆவியிலேயே வெந்து இதழ் இதழாக வரும். பெட்டியை மூடியே வைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் மாவு நமுத்துவிடும், அதனால் காருக்குள் கொண்டுபோகாதீர்கள், எதிரே துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சூட்டோடு சாப்பிடுங்கள். ஆனால் முதுகுப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். என் மாமியார் தூத்துக்குடிக்காரர், காக்காய்க்குப் பழகியவர், இங்கத்திய கடற்காகத்தின் சைஸ் அவருக்குத் தெரியாது. பாதி மீனைக் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போய்விட்டது. "என்ன மாப்பிள்ளை, இது பறவையா பருந்தா?" என்று கேட்டுக்கொண்டே மீதியை முந்தானைக்குள் மறைத்துச் சாப்பிட்டு முடித்தார்.

சைவக்காரர்கள் இதைக் கவனியுங்கள். இங்கே பல கடைகளில் எண்ணெயில் பொரிப்பதில்லை, மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள், எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

இனி நான் சொல்லப்போவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோமே அந்த ஹேடாக், அது பெரும்பாலும் இங்கே பிடித்ததில்லை, பீட்டர்ஹெட் மாதிரி வடக்கே இருக்கிற பெரிய துறைமுகங்களில் இறங்கி லாரியில் வருவது. ஒரு காலத்தில் இந்த ஊர்களை வாழவைத்த ஹெர்ரிங் மீன் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியோடு போய்விட்டது, அந்தக் கதையெல்லாம் ஆன்ஸ்ட்ரதரில் 1969-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஃபிஷரீஸ் மியூசியத்தில் இருக்கிறது. இன்றைக்கு இங்கத்தியப் படகுகள் கொண்டுவருவது நண்டு, லாப்ஸ்டர், அப்புறம் குட்டி லாப்ஸ்டர் மாதிரி ஒல்லியாக இருக்கிற லாங்குஸ்டீன். மற்ற துறைமுகங்களில் உல்லாசப் படகுகள் அதிகமாகிவிட்டன, பிட்டன்வீமில்தான் இன்னும் தொழில் வாசனை அடிக்கும். வலை, டீசல், ஐஸ் பெட்டி, எல்லாம் கலந்த அந்த வாடை உங்களுக்குப் பழக்கமானதுதான். லாங்குஸ்டீனை இங்கே வெறுமனே பிரான் என்றுதான் சொல்வார்கள், ஸ்காட்லாந்தில் பிடிபடுவதில் பெரும்பங்கு ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது. உணவகப் பலகையில் சாக்பீஸில் எழுதியிருந்தால் யோசிக்காதீர்கள், பூண்டும் வெண்ணெயும் போட்டு வாட்டித் தரச் சொல்லுங்கள்.

அதனால் ஒரே ஒரு வேளைதான் இங்கே சாப்பிட முடியும் என்றால் என் ஓட்டு ஃபிஷ் சப்பருக்கு இல்லை, கிரெயிலுக்குத்தான். செங்குத்தான ஒரு கல் பாவிய சந்தில் இறங்கினால் உள்ளங்கை அளவு துறைமுகம், நண்டு பிடிக்கிற கூடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு சின்ன மரக்கொட்டகை. கோடைக்காலத்தில் அங்கே அன்றன்று வந்த நண்டும் லாப்ஸ்டரும் வேகவைத்துத் தருவார்கள். மேசை நாற்காலி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். உயிரோடு இருக்கும்போது லாப்ஸ்டர் கருநீலம், கொதிநீரில் போட்டதும் செக்கச் செவேலென்று ஆகிவிடும். மாமியார் அதைப் பார்த்ததும் "எங்க ஊர் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு ஏது, இது என்ன நண்டுக்கும் இறாலுக்கும் பிறந்ததா?" என்றார். வாஸ்தவம்தான், நம் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, இங்கே பாதி ருசியே கொடுக்குக்குள்தான் இருக்கிறது.

ஆனால் அவர் மனதைப் பிடித்தது லாப்ஸ்டர் இல்லை, நண்டு. இங்கத்திய பழுப்பு நண்டு, ஸ்காட்ஸ் மொழியில் பார்ட்டன், இரண்டு கை அகலத்துக்கு ஓடு, கறுப்பு முனையோடு குண்டுக் கொடுக்கு. கொடுக்கைத் தட்டினால் வருவது வெள்ளைச் சதை, நார் நாராக, இனிப்பாக. ஓட்டுக்குள் இருப்பது பழுப்புச் சதை, களி மாதிரி, கடல் உப்பும் கொழுப்புமாக. இங்கே வருகிற பலர் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டுப் பழுப்பை ஒதுக்குவார்கள், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், விரலால் வழித்து ரொட்டியில் தடவி மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் போதும். மாமியார் மிளகுத்தூள் கேட்டார், நான் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன், அன்றைக்குத்தான் நான் நல்ல மாப்பிள்ளை என்று ஒத்துக்கொண்டார்.

குளிர் அடித்தால் கல்லன் ஸ்கிங்க் குடியுங்கள். புகையில் வாட்டிய ஹேடாக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், அவ்வளவுதான் கெட்டியான சூப்பு. கல்லன் என்ற ஊர் இங்கிருந்து வெகுதூரம் வடக்கே, ஆனாலும் இந்தக் கரையோரத்தில் எல்லா இடத்திலும் கிடைக்கும். வெயில் நாளிலேயே திடீரென்று கடலிலிருந்து ஹார் என்கிற மூடுபனி ஏறி வந்து படகுகளை மறைத்துவிடும், அப்போது இதைவிட நல்லது வேறொன்றும் இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈலியில் ஷிப் இன் என்ற பப்புக்கு முன்னால் கடல் மணலிலேயே கிரிக்கெட் ஆடுவார்கள், அலை உள்வாங்கிய பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்கும், ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போனால் சாப்பாடு சுமாராக இருந்தாலும் தெரியாது. பிறந்தநாள், கல்யாண நாள் என்று பெரிதாகச் செலவு செய்ய நினைத்தால் கரையிலிருந்து சற்று உள்ளே பீட் இன் இருக்கிறது, மிஷலின் நட்சத்திரம் வாங்கிய உணவகம், அந்தக் குக்கிராமத்துக்கே அந்த விடுதியின் பெயர்தான். நான் ஒருமுறை போனேன், நன்றாகத்தான் இருந்தது, பில்லைப் பார்த்ததும் எத்தனை நண்டு என்று கணக்குப் போட்டேன். இனிப்புக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை போகவேண்டும், 1908 முதல் ஐஸ்கிரீம் விற்கிற ஜனெட்டாஸ், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் கடை. அப்புறம் ஃபிஷர் அண்ட் டொனால்ட்சன் பேக்கரியில் ஃபட்ஜ் டோனட், ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்று வாங்குவோம், பகிர்ந்ததே இல்லை.

கார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஊர்களுக்குப் போன ரயில் பாதையை 1960-களிலேயே மூடிவிட்டார்கள், ஆனால் பக்கத்து ஊரான லீவன் வரைக்கும் 2024 ஜூனில் ரயில் மறுபடி வந்துவிட்டது, எடின்பரோவில் ஏறினால் லீவனில் இறங்கி 95-ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஐந்து ஊரையும் பார்த்துவிடலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்ஸ்ட்ரதரிலிருந்து மே தீவுக்குப் பஃபின் பறவை பார்க்கப் படகு போகும், அதில் போகிறவர்கள் சாப்பாட்டைத் திரும்பி வந்தபிறகு வைத்துக்கொள்வது நல்லது, ஏன் என்று கேட்காதீர்கள்.

கிரெயிலுக்கு மத்தியானமே போய்விடுங்கள். நண்டு தீர்ந்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், நாளைக்கு எத்தனை கூட்டில் என்ன விழும் என்று அவர்களுக்கே தெரியாது. மிளகுத்தூள் பொட்டலத்தையும் மறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.