ஒரே நொதி, இரண்டு வாசல்

அவையோர்க்கு வணக்கம்.

ஒரே ஒரு நொதியைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. அதன் பெயர் குளுக்கோகைனேஸ். செய்யும் வேலை சிறியது. செல்லுக்குள் வந்த குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். ஏறிவிட்டால் அந்தக் குளுக்கோஸ் வந்த வழியே திரும்ப முடியாது.

இந்த வேலைக்கு உடலில் வேறு ஆட்களும் உண்டு. ஹெக்சோகைனேஸ் வகையில் மற்ற நொதிகள் டெசிலிட்டருக்குச் சில மில்லிகிராம் குளுக்கோஸ் கிடைத்தாலே பாதி வேகத்தை எட்டிவிடும். ரத்தத்தில் 80 இருந்தாலும் 180 இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். குளுக்கோகைனேஸ் பாதி வேகத்துக்கு வரவே ஏறக்குறைய 144 மில்லிகிராம் வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது இதன் வேகமும் கூடவே ஏறி இறங்கும். இதைச் சர்க்கரை உணரி என்று அழைப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வினோதம். குளுக்கோஸ் வந்து அமர இந்த நொதியில் இருப்பது ஒரே இடம். இருந்தும், குளுக்கோஸ் கூடக் கூட இது சுறுசுறுப்பாகிறது. காரணம், ஒரு முறை குளுக்கோஸைப் பிடித்து விட்டபின் அந்த இறுகிய வடிவத்திலேயே சற்று நேரம் நிற்கிறது. அடுத்த குளுக்கோஸ் சீக்கிரம் வந்தால் உடனே பிடித்துக்கொள்ளும். தாமதமானால் தளர்ந்து பழைய சோம்பலுக்குத் திரும்பிவிடும். நொதிக்கும் ஞாபகம் உண்டு என்று வேதியியலாளர்கள் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கல்லீரலில் ஒரு குளுக்கோகைனேஸ், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் ஒரு குளுக்கோகைனேஸ். இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. ஆனால் அந்த மரபணுவுக்கு இரண்டு வாசல்கள், அதாவது அதைப் படிக்கத் தொடங்க இரண்டு இடங்கள். கல்லீரல் ஒரு வாசலைத் திறக்கிறது, பீட்டா செல் மற்றொன்றை. பீட்டா செல் வடிவத்தின் 465 அமினோ அமிலங்களில் தொடக்கத்திலுள்ள 15 மட்டுமே கல்லீரல் வடிவத்திலிருந்து வேறுபடுகின்றன. குளுக்கோஸைப் பிடிக்கும் தன்மை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் செயல்பாடு ஏன் இவ்வளவு மாறுகிறது? என் பார்வையில் விடை நொதியைவிட, அதை ஆட்டுவிப்பவர் யார் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

கல்லீரல் வாசலின் சாவி இன்சுலின் கையில் இருக்கிறது. பட்டினி கிடந்தால் கல்லீரலில் இந்த நொதி குறையும். உண்டு இன்சுலின் உயர்ந்தால் மறுபடி உற்பத்தியாகும். பீட்டா செல்லில் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளுக்கோஸ். அதில் நியாயம் இருக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் சொல்லும் உணரியே இன்சுலின் வரும்வரை காத்திருந்தால் என்ன ஆவது?

கல்லீரலில் ஒரு காவலரும் இருக்கிறார். பெல்ஜிய விஞ்ஞானி எமில் வான் ஷாஃப்டிங்கன் 1989இல் விவரித்த ஒழுங்குபடுத்தும் புரதம் அது. பட்டினி வேளையில் குளுக்கோகைனேஸைப் பிடித்துச் செல்லின் உட்கருவுக்குள் அடைத்துவைக்கும். சிறிதளவு பிரக்டோஸ் கல்லீரலுக்கு வந்தால் போதும், அதிலிருந்து உண்டாகும் பிரக்டோஸ்-1-பாஸ்பேட் காவலரின் பிடியைத் தளர்த்திவிடும். நொதி வெளியே வந்து வேலையைத் தொடங்கும். பழச்சர்க்கரையின் தூதால் குளுக்கோஸுக்குக் கதவு திறக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புன்னகை வரும். பீட்டா செல்லில் அந்தக் காவலர் இல்லை என்றே சொல்லலாம். அங்கே நொதி எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

எந்த இடத்து நொதி போனால் என்ன ஆகும் என்பதை எலிகளில் பார்த்தார்கள்; முடிவுகள் 1999இல் வெளியாகின. பீட்டா செல்லில் மட்டும் இந்த நொதி இல்லாத குட்டிகள், கடும் நீரிழிவால் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டன. கல்லீரலில் மட்டும் இல்லாதவற்றுக்கு ரத்தச் சர்க்கரை கொஞ்சம்தான் உயர்ந்தது. குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரல் சேமிப்பதில்தான் பெரிய குறை தெரிந்தது. உடலிலுள்ள குளுக்கோகைனேஸின் பெரும்பங்கு கல்லீரலில்தான் இருக்கிறது. உயிர் காத்ததோ கணையத்திலிருந்த சொற்பம்.

மனிதரிலும் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாவதுண்டு. அவர்களுக்குச் சர்க்கரை பிறவியிலிருந்தே சற்று உயர்ந்த இடத்தில் நிற்கும். கர்ப்ப காலம் தவிர, பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படுவதில்லை.

கர்ப்பத்தில்தான் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. பழுது தாய்க்கு மட்டும் இருந்து குழந்தைக்கு இல்லையென்றால், தாயின் உயர்ந்த சர்க்கரையைக் கண்ட குழந்தையின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். கருவில் இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டுவதால் குழந்தை பெரிதாகப் பிறக்கும். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே பழுது இருந்தால், அதே சர்க்கரை குழந்தைக்கு அதிகமாகவே தோன்றாது. எடை இயல்பாக இருக்கும். தந்தையிடமிருந்து பழுது வந்து தாய்க்கு இல்லாவிட்டால், குழந்தை சுமார் அரை கிலோ குறைவாகப் பிறக்கும்.