பெட்டி மூடும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் முப்பரிமாண அச்சுக்கூடம், அதாவது வரைபடத்திலிருந்து பொருளையே அச்சிட்டு எடுக்கும் 3டி பிரிண்டிங் கூடம், ஒன்றை நடத்தி வருகிறேன். “ஒரே ஓர் உருப்படி போதுமா? வரைபடத்தை அனுப்புங்கள், இயந்திரம் செய்து கொடுத்துவிடும்” என்று இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை நம்பி, வந்த ஆர்டரையெல்லாம் வந்த கையோடு இயந்திரத்தில் ஏற்றினால் கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

எங்களுடையது நைலான் பொடியை லேசரால் உருக்கும் இயந்திரம். உள்ளே ஒரு பெட்டி. அதில் ஓர் உருளை 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பொடியைப் பரப்பும், லேசர் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும், மறுபடி பொடி. 30 சென்டிமீட்டர் உயரம் வளர 3,000 முறை இப்படி நடக்க வேண்டும். பொடி பரப்பும் நேரம் பெட்டியில் ஒரு பொருள் இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் ஒன்றுதான். ஒருவருடைய நீளமான குழாயை நிமிர்த்தி வைத்தால், அதன் உயரத்துக்காக மற்ற எல்லாருடைய பொருளும் உள்ளே காத்துக் கிடக்கும். படுக்க வைத்தால் வட்டம் சற்றுக் கெடும். சாய்த்து, திருப்பி, ஒன்றின் குழிவுக்குள் இன்னொன்றைச் செருகி அடுக்குவதற்கே ஒருவர் அரை நாள் கணினி முன் உட்காருகிறார். எங்கள் கூடத்தில் மிக மதிப்புள்ள வேலை அதுதான் என்பேன்.

அச்சு முடிந்தாலும் உடனே திறக்க முடியாது. உள்ளே சுமார் 170 பாகை செல்சியஸ் சூடு. அச்சிட எவ்வளவு நேரமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆறவும் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பொருள் கோணிக்கொள்ளும். அதன் பிறகு பொருள்களைச் சூழ்ந்திருக்கும் உருகாத பொடிக் கட்டியை உடைத்து, ஒவ்வொன்றாகத் தூரிகையால் துடைத்து, காற்றடித்து, நுண்மணிகளை வேகமாகப் பாய்ச்சித் தேய்க்கிறோம். இதெல்லாம் கைவேலை. இயந்திரம் இரவு முழுவதும் ஓடும், கைகள் ஓடாது. தேதி தவறுவது பெரும்பாலும் இந்த மேசையில்தான்.

தொடக்கத்தில் எனக்கு ஓர் அடி விழுந்தது. பம்பு செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் மாதிரி ஒன்றை மறுநாளே கேட்டார். பெட்டி முக்கால்வாசி காலியாக இருக்கும்போதே மூடி ஓட்டிவிட்டேன். அன்று மாலையே நான்கு ஆர்டர்கள் வந்தன. இரண்டு நாள் அவற்றைத் தொட முடியவில்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்குக்காக நால்வரிடம் வாக்குத் தவறினேன்.

ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால் கிளம்பும். பஸ் நேரம் வந்தால் கிளம்பும். நாங்கள் பஸ்ஸாக மாறினோம். திங்கள் மாலையும் வியாழன் மாலையும் ஆறு மணிக்குப் பெட்டி மூடப்படும் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிட்டோம். அடுத்த முறை வரை காத்திருப்பவருக்கு விலை குறைவு. தனியாக ஓட்டச் சொல்பவர் பெட்டி முழுவதற்கும் பணம் தர வேண்டும். சில மாதங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. வாடிக்கையாளர்களே எங்கள் கிழமைகளை வைத்துத் தங்கள் வேலையைத் திட்டமிட்டார்கள். சந்தையோடு ஒத்துப்போவது என்றால் எனக்கு இதுதான்: நம் வண்டி கிளம்பும் நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. ஜி.இ. நிறுவனம் லீப் என்ற விமான எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் முனையை அமெரிக்காவின் ஆபர்ன் நகரில் அச்சிடுகிறது. முன்பு சுமார் 20 உறுப்புகளை இணைத்துச் செய்யும் பகுதி, இப்போது ஒரே உறுப்பு. 2021-ல் அங்கே ஒரு லட்சமாவது முனை வெளிவந்தது. எத்தனை எஞ்சின் வேண்டும் என்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிவதால் திட்டம் நேர்க்கோடாகப் போகிறது. இங்கே நம் மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்குக்கான பி.எஸ்.4 எஞ்சினை அச்சிட்ட வடிவில் 665 விநாடிகள் இயக்கிச் சோதித்தது. 14 உறுப்புகள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப்போயின. 565 கிலோ மூலப்பொருள் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ உலோகப் பொடி. எனக்கு இதில் வியப்பு மூலப்பொருள் மிச்சமானது மட்டுமல்ல. 14 உறுப்புகள் என்றால் 14 வேலைச் சீட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒன்று தாமதித்தால் மற்ற பதின்மூன்றும் அலமாரியில் உறங்கும். அந்தச் சங்கடம் போய்விட்டது. ஆனால் அந்த ஒரே அச்சு பழுதானால் எல்லாமே போகும். ஆகவே யோசனை முழுவதும் தொடக்கத்துக்கு நகர்கிறது.

ஐயாயிரம் உருப்படி கேட்டு வருபவரை, டை எனும் வார்ப்பச்சு செய்து அதில் வார்க்கும் இடத்துக்கு நானே அனுப்பிவிடுகிறேன். ஐம்பது என்றால் எங்களிடம் வரட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பஞ்சாலைகளில் பழைய இயந்திரங்கள் நிறைய ஓடுகின்றன. செய்த நிறுவனமே உதிரிபாகத்தை நிறுத்திவிட்டிருக்கும். தேய்ந்த பற்சக்கரத்தை அளந்து வரைபடமாக்கி வைத்துக்கொள்கிறோம். திங்கள் மாலை ஐந்தரைக்கு, பெட்டியின் மூலையில் உள்ளங்கை அளவு இடம் மிஞ்சியிருந்தால் அந்த ஆலைகளில் ஒன்றைத் தொலைபேசியில் கூப்பிடுவேன்: “ஐயா, ஒரு சக்கரத்துக்கு இடம் இருக்கிறது. போடட்டுமா?” பெரும்பாலும், “இரண்டாகப் போடுங்கள் தம்பி” என்பார். ஆறு மணிக்குப் பெட்டியை மூடுவோம்.