ஒரு கிழமை வீட்டுக்கு வெளியே

வணக்கம் நேயர்களே. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் ஜூலை மாதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலி நிலையத்தார் கேட்டபோது, தை மாதத்திலேயே பேசுகிறேன் என்று சொன்னது நான்தான். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், பிள்ளைகள் இரவு தங்குகிற கோடைக்கால காம்ப்கள் பலவற்றுக்கு இலையுதிர் காலத்திலேயே பதிவு தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் மூடுகிற நேரம் தேடப் போனால், விலை குறைந்த இடங்கள் நிரம்பியிருக்கும்.

எங்கள் வீட்டில் இது முதலில் ஒரு சொல்லில்தான் சிக்கியது. மகளுக்கு அப்போது பத்து வயது. "பிள்ளையை ஒரு கிழமை காம்ப்புக்கு அனுப்பப் போறன்" என்றேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்தக் காம்ப்?"

"ஹாலிபேர்ட்டன் பக்கம் அம்மா. காட்டுக்குள்ள, ஏரிக்கரையில."

காடு என்றதும் முகம் இன்னும் கறுத்தது. இலங்கையில் அம்மாவுக்குத் தெரிந்த காம்ப் இரண்டு. ஒன்று ஆமிக் காம்ப், சுற்றிவளைப்பில் பிடித்த பொடியன்களைக் கொண்டுபோகிற இடம். மற்றது 2009 இல் அவருடைய தங்கை குடும்பத்தை முட்கம்பிக்குள் வைத்திருந்த செட்டிகுளம் முகாம். இந்த இரண்டுக்கும் பிள்ளையை யாரும் காசு கட்டிப் பதிவதில்லை. நான் விளங்கப்படுத்திய எதையும் அவர் காதில் வாங்கவில்லை. உங்கள் வீட்டிலும் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இணையத்தில் இருக்கிற படங்களை முதலில் காட்டிவிட்டுப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

சரி, காசுக்கு வருவோம். மஸ்கோக்கா, ஹாலிபேர்ட்டன், அல்கோன்குவின் பக்கத்துத் தனியார் காம்ப்களில் கிழமைக்கு ஆயிரம் டொலரைத் தாண்டுவது சாதாரணம். அதைப் பார்த்ததும் "இது வெள்ளைக்காரரின்ர வேலை" என்று கணினியை மூடிவிடுகிறோம். நானும் மூடியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் இரவுக் காம்ப் பணக்காரருக்கு மட்டும் என்று இருந்ததில்லை. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையை நடத்திய ஜோசப் அட்கின்சன், நகரத்து ஏழைப் பிள்ளைகள் கோடை வெக்கையிலிருந்து கொஞ்ச நாளாவது வெளியே போகட்டும் என்று 1901 இல் ஃப்ரெஷ் எயர் ஃபண்ட் என்ற நிதியைத் தொடக்கினார். வாசகர்களிடம் சேர்க்கிற அந்தக் காசு பெற்றோரின் கைக்கு வருவதில்லை, காம்ப்களுக்குத்தான் போகிறது. ஆகவே உதவி கேட்க வேண்டியது காம்ப் அலுவலகத்தில்.

காலையில் கோப்பி வாங்குகிறோமே, டிம் ஹோர்ட்டன்ஸ், அதன் பெயருக்குரிய ஹொக்கி வீரர் 1974 இல் கார் விபத்தில் இறந்தார். அவர் நினைவாகத் தொடங்கிய அமைப்பு நடத்துகிற காம்ப்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் அங்கே நாங்களாகப் பிள்ளையைப் பதிய முடியாது. பள்ளிக்கூடமோ சமூக அமைப்போதான் பெயரைக் கொடுக்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வை.எம்.சி.ஏ, ஸ்கௌட்ஸ், கேர்ள் கைட்ஸ் ஆகியவற்றிலும் உதவித் திட்டங்கள் இருக்கின்றன. தேவாலயங்கள் நடத்துகிற காம்ப்கள் பல மலிவு. அங்கே பைபிள் வாசிப்பும் சாப்பாட்டுக்கு முதல் ஜெபமும் இருக்கும். அது உங்களுக்குச் சரியா என்று முதலே யோசியுங்கள், அனுப்பிவிட்டுக் குறை சொல்லாதீர்கள்.

படிவத்தில், நிதியுதவி வேண்டுமா என்று ஒரு பெட்டி இருக்கும். முதல் வருடம் அதை நான் வெறுமையாக விட்டேன். கை நீட்டுகிற மாதிரி இருந்தது. கடன் அட்டையில் கட்டிவிட்டு மார்கழி வரைக்கும் அதைக் கழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வெட்கத்தை விட்டுச் சித்திரையில் கேட்டால், அந்த வருடத்துக் காசு முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் வருடம் தையிலேயே வரி மதிப்பீட்டுக் கடிதத்தின் பிரதியை வைத்து அனுப்பினேன். பாதிக் கட்டணம் குறைந்தது. கடிதத்தைக் கேட்டார்களே தவிர, ஏன் எதற்கு என்று ஒருவரும் கிண்டிக் கிளறவில்லை. மகளோடு ஒரே கபினில் இருந்த எட்டுப் பிள்ளைகளில் யார் முழுக் காசு, யார் பாதிக் காசு என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. வெட்கப்பட்டும் பிந்திக் கேட்டும் நான் வீணாக்கியது இரண்டு வருடக் காசு.

ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். நீங்கள் வேலைக்கோ படிப்புக்கோ போவதற்காகப் பிள்ளையை அனுப்பியிருந்தால், வருமான வரியில் பிள்ளை பராமரிப்புச் செலவாக இதைக் காட்டலாம். இரவுக் காம்ப் என்றால் 7 முதல் 16 வயதுப் பிள்ளைக்குக் கிழமைக்கு 125 டொலர் வரை, அதற்குக் குறைந்த வயதென்றால் 200 டொலர் வரை. கணவன் மனைவி இருவரில் வருமானம் குறைந்தவர்தான் பெரும்பாலும் கழிக்க வேண்டும்.

படிவம் நீளமானது. ஹெல்த் கார்ட் இலக்கம், தடுப்பூசி விபரம், ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று போகும். மருந்து இருந்தால் மருந்துக்கடை தந்த அதே பெட்டியோடு தாதியிடம் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் கடகடவென்று நிரப்பிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டில் நின்றுவிட்டேன். மரக்கறியா மாமிசமா என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி என்பதற்குப் பெட்டி இல்லை! ஓரத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அங்கிருந்த சமையற்காரரே தொலைபேசியில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையில் முட்டை சாப்பிடலாமா என்று கேட்டார். எங்கள் குடும்பத்துக்குள்ளேயே தீராத வழக்கு அது. ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்குப் பாதிப் பயம் போனது. நீங்களும் பதிவதற்கு முதல் தொலைபேசி எடுத்துக் கதையுங்கள். ஒன்ராறியோ காம்ப்ஸ் அசோசியேஷனின் அங்கீகாரம் இருக்கிறதா, ஒரு கபினில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், இரவில் யார் கூடப் படுக்கிறார்கள், வேலை செய்பவர்களுக்குப் பொலிஸ் பதிவு பார்த்தார்களா என்று கேளுங்கள். மழுப்புகிற இடத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

நீச்சல் தெரியாவிட்டால் அனுப்பக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் முதல் நாளே ஏரியில் நீந்த வைத்துப் பார்ப்பார்கள், தேறாத பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி. அது பரவாயில்லை. ஆனாலும் தை முதல் ஆனி வரை ஆறு மாதம் இருக்கிறதே, பக்கத்துச் சமூக நிலையத்தில் ஒரு நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடலாம்.

அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் பை அடுக்க மட்டும் வந்து உட்கார்ந்தார். துவாய், ரோச், நுளம்புத் தைலம், உண்ணி கடிக்காமல் நீளக் காற்சட்டை, எல்லாவற்றிலும் பேர் எழுதி அடுக்கினோம். காலில் போடுகிற ஒவ்வொரு மேசிலும் கூட எழுதினோம், எழுதாததெல்லாம் தொலையும். ராத்திரி பையைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தது. அடியில் ஒரு பெரிய பை மிக்சர், கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகக் கச்சானுக்கு அங்கே தடை. அதோடு கபினுக்குள் சாப்பாடு இருந்தால் எலியும் அணிலும் வந்துவிடும். மிக்சரை எடுத்தேன். பக்கத்தில் கடதாசியில் மடித்திருந்த திருநீற்றை எடுக்கவில்லை.

அங்கே கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. அதனால் முத்திரை ஒட்டி, விலாசமும் எழுதிய மூன்று கடித உறைகளைப் பையில் வைத்துவிட்டிருந்தேன். ஒன்று வந்தது, அதுவும் பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து. அம்மம்மாவுக்கு, தமிழில். சனிக்கிழமை வகுப்புத் தமிழ், "ள" எல்லாம் "ல" ஆகியிருந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்.

"அம்மம்மா, இங்க ஆமி இல்லை. நுலம்பு மட்டும்தான். நிறைய."

நன்றி, வணக்கம்.