வலி இடுப்பில், வேலை தொடையில்

நேயர்களுக்கு வணக்கம். இடுப்பு பிடித்துக்கொண்டால் பலரும் முதலில் செய்வது, நின்றபடியே குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பின்தொடைத் தசை இறுகியவர் அப்படிக் குனிந்தால் இடுப்பு மூட்டு போதுமான அளவு மடங்காது. மீதி வளைவையெல்லாம் ஏற்கெனவே நோகிற கீழ்முதுகுதான் தாங்கும்.

மணிக்கணக்கில் உட்காருகிறவர்களுக்குத் தொடையின் முன்பக்கமும் விறைத்துப்போகும். கீழ்முதுகு எலும்புகளில் தொடங்கித் தொடை எலும்பில் முடிகிற தசை ஒன்று உண்டு. அது இறுகினால், எழுந்து நின்ற பிறகும் முதுகெலும்பை முன்னால் இழுக்கும். இவர்களிடம் “நிமிர்ந்து நில்” என்று எத்தனை முறை சொன்னாலும், நாலு நிமிடத்தில் பழைய நிலைதான்.

முதலில் பின்தொடை. மல்லாந்து படுத்து, இடது காலை மடித்துப் பாதத்தை ஊன்றுங்கள். நீளத் துண்டு ஒன்றை வலது பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் பிடித்தபடி காலை மெல்ல உயர்த்துங்கள். முழங்கால் சற்று மடங்கினால் பரவாயில்லை, இடுப்பு மட்டும் தரையைவிட்டு எழக்கூடாது. தொடையின் நடுவே இழுப்பு தெரிந்ததும் அங்கேயே 30 வினாடி. காலுக்கு 3 முறை. வெடுக்வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் சுருங்கும். காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீர் என்றால் அது நரம்பு இழுபடுவதாக இருக்கலாம். உடனே காலைத் தாழ்த்துங்கள்.

அடுத்தது முன்பக்கம். மடித்த போர்வைமேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னே வையுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்: உடம்பை முன்னே தள்ளுவார்கள், முதுகு உட்குழியும், நீள வேண்டிய தசை நீளாது. தள்ளாதீர்கள். வலது பிட்டத்தை இறுக்கி, அடிவயிற்றை மேலே ஏந்துவதுபோல் இடுப்பைச் சுருட்டுங்கள். பார்க்கிறவருக்கு நீங்கள் அசைந்ததே தெரியாது. ஆனால் தொடையின் மேற்பகுதியில் இழுப்பு நன்றாகத் தெரியும். இதுவும் 30 வினாடி, மூச்சை அடக்காமல். பிறகு கால் மாற்றுங்கள்.

நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். விழித்ததும் ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு செய்யுங்கள்.

உட்காரும் விதம் பற்றியும் கேட்பீர்கள். பாதம் தரையில் படிந்து, நாற்காலியின் முதுகில் கீழ்முதுகு சாய்ந்திருந்தால் போதும். எவ்வளவு நல்ல இருக்கையானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரு தொடைகளுக்கும் இடைப்பட்ட கவட்டைப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, கால் வலுவிழந்தாலோ நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், விழுந்து அடிபட்ட பின் வலி வந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சி வேண்டாம்.

படுத்துச் செய்த பயிற்சி முடிந்ததும் மல்லாந்த நிலையிலிருந்து துள்ளி எழாதீர்கள். முழங்காலை மடித்து, உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். வணக்கம்.